மலைக்கிராமத்துப் போக்சோ செய்தியில் ஊர்ப் பெயர் போடலாமா?

கேள்வி (உள்ளூர்ப் பக்கம், சேலம்):
ஏற்காடு பக்கத்து வழக்கு. சிறுமியின் பெயரை எடுத்துவிட்டு ஊர், பள்ளி, கைதானவர் என்ன உறவு என்பதை மட்டும் எழுதினால் போதுமா?

துணை ஆசிரியர்:
போதாதுங்க. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 23 பெயரோடு நிற்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாமே அதில் வரும். நாற்பது வீடுள்ள ஊரில் 'எட்டாம் வகுப்பு மாணவி' என்றாலே ஆள் தெரிந்துவிடும். 'சேலம் மாவட்டம்' என்பதோடு நிறுத்துங்க. கைதானவர் உறவினர் என்றால் அவர் பெயரும் வேண்டாம். நீங்க பெயரையும் இன்னொரு பத்திரிகை உறவையும் போட்டால், இரண்டையும் படிப்பவருக்குக் குழந்தை யாரென்று விளங்கிவிடும். இங்கேதான் பெரும்பாலும் சறுக்குகிறது.

வழக்கறிஞர்:
பெற்றோர் சம்மதித்தாலும் செல்லாது. குழந்தையின் நலனுக்கென்று சிறப்பு நீதிமன்றம் காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதித்தால் மட்டுமே வெளியிடலாம். மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வெளியீட்டாளரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு.

வீடியோ எடிட்டர்:
முகத்தை மட்டும் மங்கலாக்காதீங்க. சீருடை, வீட்டு வாசல், தாயின் முகம், குரல் எல்லாம் காட்டிக்கொடுக்கும். முதல் தகவல் அறிக்கையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. இணைய முகவரியிலும் படக் கோப்பின் பெயரிலும் ஊர்ப் பெயர் தங்கியிருக்கும், அதையும் மாற்றுங்க.

துணை ஆசிரியர்:
'சீரழித்தார்', 'காதல் விவகாரம்' வேண்டாம். 'பாலியல் வன்கொடுமை' என்றே எழுதுங்க. கடைசியில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் சேருங்க.