அம்மாவின் முப்பதாம் நாள் நினைவு அட்டையில் அவர் பார்த்த வேலையை எப்படி எழுதுவது?

முத்துநகர் மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மா போன மாதம் தவறிவிட்டார். வயது 71. வருகிற சனிக்கிழமை முப்பதாம் நாள் பூசை. வருகிறவர்களுக்குக் கொடுக்க நாலு பக்கத்தில் ஒரு நினைவு அட்டை அச்சடிக்கிறோம். அண்ணன் எழுதி அனுப்பியதில் "பக்தியுள்ள மனைவி, பாசமிகு தாய், மரியாயின் சேனை உறுப்பினர், நாள் தவறாமல் திருப்பலி கண்டவர்" என்று இருக்கிறது. எல்லாமே உண்மைதான். ஆனால் 1974இலிருந்து 2013 வரை, 39 வருடம் தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் அம்மா. அது பெயருக்குக் கீழே "ஓய்வு, தொலைபேசித் துறை" என்று சின்ன எழுத்தில் மட்டும் நிற்கிறது. கூடுதலாக எழுதலாமே என்றேன். "கோவிலில் கொடுக்கிற அட்டையில் ஆபீஸ் கதை எதற்கு?" என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார்.

எனக்கு அம்மா என்றால் முதலில் நினைவுக்கு வருவது நைட் டியூட்டி முடித்து வருகிற முகம். ஹெட்செட் அமுக்கி அமுக்கி உச்சந்தலையில் முடி ஒரு கோடாகப் படிந்திருக்கும். வருகிற வழியில் பனிமய மாதா கோவிலுக்குள் நுழைந்து பூசை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். எங்களுக்குத் தலை பின்னி, டப்பா கட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுப்பார். 1992 நவம்பர் 13, தூத்துக்குடியில் புயல் கரை கடந்த நாள். அன்றும் டியூட்டிக்குப் போனார். மறுநாள் மத்தியானம்தான் திரும்பினார், புடவை முழங்கால் வரை சேறு. அப்பாவும் பாட்டியும் அதுவரை செபமாலையைக் கீழே வைக்கவில்லை.

இதையெல்லாம் பக்திக் குறிப்போடு சேர்த்து எழுதலாமா? எழுதியவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

பாளை வாத்தியார்

ஆழ்ந்த அனுதாபம் அம்மா. தாராளமாக எழுதலாம். அடக்கப் பூசைகளில் நாம் அடிக்கடி கேட்கிற நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தை எடுத்து, 10ஆம் வசனத்திலிருந்து கடைசி வரை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அந்தப் பெண் நிலத்தைப் பார்த்து வாங்குகிறாள், தன் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள், துணி நெய்து வணிகர்களுக்கு விற்கிறாள். ஆண்டவருக்கு அஞ்சி நடப்பவள் என்ற புகழ்ச்சி இவ்வளவும் சொன்ன பிறகு, 30ஆம் வசனத்தில்தான் வருகிறது. 18ஆம் வசனத்தில் இரவிலும் அவள் விளக்கு அணைவதில்லை என்று இருக்கிறது. நைட் டியூட்டி பார்த்தவருக்கு அட்டையின் முகப்பில் போட இதைவிடப் பொருத்தமான வசனம் எனக்குத் தெரியவில்லை. உறவுக்காரரிடமும் அதையே காட்டுங்கள்.

போர்டு அக்கா, மதுரை

தங்கச்சி, நானும் டிரங்க் போர்டில், அதாவது வெளியூர் கால்களைக் கையால் இணைத்துக் கொடுக்கிற பலகை முன்னால், உட்கார்ந்தவள்தான். உன் அம்மாவை எனக்குத் தெரியாது, ஆனால் அந்தத் தலைமுடிக் கோடு நன்றாகத் தெரியும்.

இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த வேலை என்னவென்றே தெரியாது, அதனால் அட்டையில் இரண்டு வரியாவது விளக்கிவிடு. அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் 180க்குச் சுற்றி கால் புக் பண்ண வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று வகை உண்டு. லைட்னிங் என்றால் உடனே கிடைக்கும், ஆனால் ஆர்டினரியைப் போல எட்டு மடங்கு காசு. இல்லாதவர்கள் சாவுச் செய்தியைக்கூட ஆர்டினரியில் புக் பண்ணிவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருப்பார்கள். அந்த நம்பரை விடாமல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற ஆபரேட்டரும் உண்டு, கால் புக் பண்ணியதை எழுதிய டிக்கெட்டை ஓரமாக வைத்துவிடுகிறவரும் உண்டு. மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே வந்து "நேரம் முடிந்தது, நீட்டிக்கணுமா?" என்று நாங்கள்தான் கேட்க வேண்டும். எதிர்முனையில் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது அதைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ஒன்று கேட்கிறேன். லைனில் காதில் விழுந்ததை உன் அம்மா வீட்டில் சொல்வாரா?

கொச்சி விமலா மகன்

எங்கள் பங்கில் புனித ஜியான்னா பெரெத்தா மோல்லா பெயரில் தாய்மாருக்கு ஒரு குழு இருக்கிறது. இத்தாலியில் குழந்தை மருத்துவர். மூன்று பிள்ளை பெற்ற பிறகும் கிளினிக்கை விடவில்லை. நான்காவது பிள்ளை பிறந்து ஒரு வாரத்தில், 1962 ஏப்ரல் 28இல், 39 வயதில் இறந்தார். 2004இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது அவர் கணவரும் பிள்ளைகளும் வத்திக்கானில் இருந்தார்கள். தாய், டாக்டர் இரண்டையும் திருச்சபை சேர்த்துத்தான் சொல்கிறது. உங்கள் அம்மாவுக்கும் அப்படியே சொல்லலாம்.

முத்துநகர் மகள்

மூவருக்கும் நன்றி. போர்டு அக்கா, நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சொல்லவே மாட்டார். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கொழும்பிலிருந்து துக்கச் செய்தி வந்த ராத்திரி, அந்த காலைப் போட்டுக் கொடுத்தது அம்மாதான். அது எங்களுக்கே பத்து வருடம் கழித்து, அந்த வீட்டுப் பெரியம்மா சொல்லித்தான் தெரியும். அம்மாவிடம் போய்க் கேட்டேன். "போர்டில் கேட்டது பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட மாதிரிடி. வெளியே எடுத்துப்போகக் கூடாது. அவங்களுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டு பிளக்கை உருவிடணும், அவ்வளவுதான்" என்றார். வெளியூருக்கு நேரடியாகச் சுற்றிப் பேசுகிற எஸ்.டி.டி. வந்து போர்டு போன பிறகு, போன் நம்பர் கேட்கிற 197 விசாரணையிலும் கடைசியில் பில் கவுண்டரிலும் இருந்தார். 2013 ஜூலை 31இல் ஓய்வு. ஐந்தாம் நாள் மாதா தங்கத்தேர், கூட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணனிடம் இன்று போனில் பேசினேன். முகப்பில் நீதிமொழிகள் 31:18, இரண்டாம் பக்கம் முழுக்க எக்ஸ்சேஞ்ச், மூன்றாவதில் கோவிலும் வீடும் என்று முடிவாகிவிட்டது. அவரே பழைய பெட்டியிலிருந்து ஒரு போட்டோ தேடி அனுப்பியிருக்கிறார். போர்டு முன்னால் ஏழு பெண்கள், கடைசியில் அம்மா, ஹெட்செட்டோடு. அச்சகத்துக்கு நாளைக் காலை கொடுக்க வேண்டும். அந்தப் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.