கண்ட்ரோல் குரூப்: தமிழில் என்ன சொல்வது?

திருச்சி ஆசிரியை:
நண்பர்களுக்கு வணக்கம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான ஒரு நலக்கல்வித் திட்டம் பலன் தந்ததா என்று மதிப்பிடும் கையேட்டைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வாராவாரம் கொடுக்கும் நீல இரும்புச்சத்து மாத்திரை எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. பாதிப் பள்ளிகளில் மட்டும் இந்த ஆண்டு அதோடு பாடமும் பெற்றோர் கூட்டமும், மற்ற பள்ளிகளுக்கு அடுத்த ஆண்டு. பலன் தெரிய ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த மற்ற பள்ளிகளைத்தான் ஆங்கிலத்தில் கண்ட்ரோல் குரூப் என்கிறார்கள், அதற்குக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று போட்டிருந்தேன். நேற்றுப் பயிற்சியில் ஒரு சத்துணவு அமைப்பாளர் அம்மா எழுந்து, "இந்தப் பிள்ளைகளுக்கு எதெது கொடுக்கக் கூடாது டீச்சர்?" என்று கேட்டார். பத்தியம் என்று நினைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, உணவுக் கட்டுப்பாடு, சர்க்கரைக் கட்டுப்பாடு என்றுதானே தினமும் பேசுகிறோம். வேறு சொல் வேண்டும்.

மதுரைப் புலவர்:
கட்டளைக் குழு என்று போடுங்கள் அம்மா. 'பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்கிறது குறள். பொன்னின் மாற்றை அறிய உரைத்துப் பார்க்கும் கல் அது. எதில் உரைத்தால் இன்னொன்றின் தரம் தெரியுமோ அதுவே கட்டளை. கையில் சொல் இருக்க ஏன் தேட வேண்டும்?

சேலம் மருத்துவர்:
ஐயா, அழகான சொல்தான், ஆனால் இன்று கட்டளை என்றால் ஆணை, பள்ளிக்கு வரும் தாளில் அப்படித்தான் படிப்பார்கள். ஒப்புக் குழு போதும். எதற்கு ஒப்பிடுகிறோம் என்பதும் கையேட்டில் இருக்கட்டும்: 5 முதல் 11 வயது வரை 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 12 முதல் 14 வயது வரை அந்த எல்லை 12 கிராம். ஜூனில் 11.7 இருந்த ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு நடுவில் 12 வயது முடிந்தால், மார்ச்சில் அதே 11.7 இருந்தாலும் ரத்தசோகைக் கணக்கில் வந்துவிடுவாள். முன்னும் பின்னும் மட்டும் பார்த்தால் திட்டமே கெடுத்த மாதிரி தெரியும். மற்ற பள்ளிகளிலும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வயது ஏறும், அவர்களோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

திருச்சி ஆசிரியை:
உதாரணத்துக்கு நன்றி டாக்டர், சேர்த்துவிடுகிறேன். ஆனால் ஒப்புக் குழு வேண்டாம். பிள்ளைகள் உடனே 'ஒப்புக்குச் சப்பாணி' என்பார்கள். எங்களை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று அந்தப் பள்ளிகளில் ஏற்கெனவே வருத்தம்.

மதுரைப் புலவர்:
பிள்ளைத்தமிழில் வரும் சப்பாணி வேறு. அங்கே பாணி என்றால் கை, குழந்தை கைகொட்டுகிற பருவம் அது. செங்கீரை, தால், அப்புறம் சப்பாணி. விளையாட்டில் சொல்லும் சப்பாணி காலைக் குறித்தது. இரண்டையும் குழப்பக் கூடாது.

கோவை மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, வெள்ளிக்கிழமை அச்சு! காத்திருப்புக் குழு என்றால் என்ன? கென்யாவின் புசியா பகுதியில் குடற்புழு நீக்கத் திட்டத்தை அப்படித்தான் மதிப்பிட்டார்கள். 75 தொடக்கப் பள்ளிகளை மூன்றாகப் பிரித்து, 1998, 1999, 2001 என்று ஒவ்வொரு பிரிவாகச் சேர்த்தார்கள். இன்னும் முறை வராத பள்ளிகளோடுதான் ஒப்பீடு. மாத்திரை வாங்காத பிள்ளைகளிடமும் புழுத் தொற்று குறைந்ததாக அந்த ஆய்வு சொன்னது. (கணக்கில் பிழைகள் இருந்ததாகப் பிற்பாடு பெரிய சண்டை நடந்தது, அது தனி.) பலன் இப்படி வேலி தாண்டும் இடத்தில் 'கட்டுப்பாடு' என்று சொல்வதே பொருந்தாது.

சேலம் மருத்துவர்:
இந்தத் திட்டத்துக்குச் சரி. ஒப்பிட மட்டும் எடுத்துவிட்டுக் கடைசி வரை எதுவும் தராத ஆய்வுகளும் உண்டு, அங்கே காத்திருப்பு என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஒப்பீட்டுக் குழு என்று 'ஈடு' சேர்த்தால் சப்பாணி நினைப்பும் வராது.

திருச்சி ஆசிரியை:
இப்போதைக்கு 'ஒப்பீட்டுப் பள்ளிகள்' என்று போடுகிறேன். குழு என்றாலே கமிட்டி என்று நினைக்கிறார்கள், அதனால் எடுத்துவிட்டேன். அந்த அம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன், "ஓ, பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பள்ளியா" என்றார்.

மதுரைப் புலவர்:
ஒப்பீடு செயலின் பெயர், ஒப்பிட வைக்கும் பொருளின் பெயர் இல்லை. நான் உடன்படவில்லை, அடுத்த பதிப்பிலாவது கட்டளையைப் பாருங்கள். இன்னொன்று, திட்டம் தொடங்கும் முன் எடுக்கும் அளவான பேஸ்லைனுக்கு 'அடிக்கோடு' என்று இருக்கிறதே. பிள்ளைகள் தலைப்புக்குக் கீழே போடுகிற கோடு அல்லவா அது?