கைட்டோசான் மணியில் எஸ்டிஎஸ்: தண்ணீரில் நீலம் குறைகிறது, மணியில் நிறம் ஏறவில்லை

கேள்வி:
தண்ணீரிலிருந்து சாயம் நீக்க மணி செய்கிறேன். 2 கிராம் கைட்டோசானை (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர், அசெட்டைல் நீக்கம் 85%) 100 மி.லி. 2% அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, 1 மோலார் காஸ்டிக் சோடாவில் சொட்டுச் சொட்டாக விட்டு எடுத்த மணிகள். ஒருமுறை அலசிவிட்டு, லிட்டருக்கு 3 கிராம் எஸ்டிஎஸ் (சோடியம் டோடெசில் சல்பேட், சோப்புபோன்ற எதிர்மின் பொருள்) கரைசல் 500 மி.லி.யில் 24 மணி நேரம் குலுக்கியாயிற்று. பிறகு லிட்டருக்கு 10 மி.கி. மெத்திலீன் நீலச் சாயக் கரைசலில் மணிகளைப் போட்டேன், பிஎச் 9. 664 நானோமீட்டரில் கரைசலின் அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சும் அளவு) பாதிக்கும் கீழே இறங்குகிறது. ஆனால் மணிகள் வெளிறித்தான் இருக்கின்றன. கரைசலைக் குலுக்கினால் நுரை வருகிறது. எங்கே தவறு?

பதில் 1:
சாயத்தில் பெரும்பகுதி தண்ணீரிலேயே இருக்கிறது. மணியிலிருந்து கழன்ற எஸ்டிஎஸ்தான் நுரைக்கிறது. எஸ்டிஎஸ் மைசெல் (மூலக்கூறுகள் கூடிய சிறு உருண்டை) ஆவது சுமார் 8 மில்லிமோலாரில், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிராமில். அதற்குக் கீழே, சாய மூலக்கூறுகள் அதனோடு சேர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்போது 664-ல் உள்ள முகடு தாழ்ந்து, 610 பக்கம் ஒரு தோள் எழும். ஒரே அலைநீளத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது சாயம் நீங்கியதுபோலவே தெரியும்.

500 முதல் 750 வரை முழு நிறமாலையும் எடுங்கள். கூடவே இதையும் செய்யுங்கள்: சாயமில்லாத தண்ணீரில் அதே அளவு மணி, அதே பிஎச், அதே நேரம். மணியை எடுத்துவிட்டு, மிஞ்சிய தண்ணீரில் அதே செறிவு வரும்படி சாயம் சேர்த்து அளங்கள். மணியே இல்லாமலும் 664 இறங்கினால் சந்தேகம் தீர்ந்தது. வடிதாளில் வடிக்க வேண்டாம், தாளே மெத்திலீன் நீலத்தை இழுக்கும். சென்ட்ரிஃபியூஜ் போதும்.

பதில் 2:
கழல்வதற்குக் காரணம் பிஎச். கைட்டோசானின் அமீன் (நேர்மின்சுமை ஏற்கும் நைட்ரஜன் தொகுதி) பாதியளவு மின்சுமை இழக்கும் பிஎச், அதாவது பிகேஏ, 6.5-ஐ ஒட்டியது. பிஎச் 9-ல் அமீனில் நேர்மின்சுமை கிட்டத்தட்ட இல்லை. எஸ்டிஎஸ் எதைப் பிடித்துக்கொண்டிருக்கும்? ஏற்றும்போதே இந்தக் குறை இருந்திருக்கும். ஒருமுறை அலசிய மணிக்குள் காஸ்டிக் அப்படியே தங்கியிருக்கும். கழுவிய நீர் நடுநிலைக்கு வரும்வரை பலமுறை கழுவி, பிஎச் 4 முதல் 5-க்குள் வைத்து எஸ்டிஎஸ் ஏற்றுங்கள். சாயச் சோதனையை பிஎச் 5 அல்லது 6-ல் வையுங்கள். அங்கேயும் மெத்திலீன் நீலம் நேர்மின் அயனிதான், காரம் தேவையே இல்லை.

அமிலத்தில் மணி கரையாமலிருக்கக் குறுக்குப் பிணைப்பு (சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டுவது) வேண்டும். அதற்குக் குளுடரால்டிஹைடு போட்டால் அமீனையே தின்றுவிடும். எபிகுளோரோஹைட்ரின் பெரும்பாலும் ஹைட்ராக்சிலில் இணைவதால் அமீன் மிஞ்சும்: நீர்த்த காஸ்டிக்கில், 50 டிகிரியில், 2 மணி நேரம். புற்றுநோய் ஆபத்துள்ள பொருள். புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே திறக்கக் கூடாது.

கணக்கையும் பாருங்கள். உங்கள் கைட்டோசானில் கிராமுக்கு சுமார் 5 மில்லிமோல் அமீன், 2 கிராமுக்கு 10. எல்லாவற்றுக்கும் ஈடாக 2.9 கிராம் எஸ்டிஎஸ் வேண்டும், போட்டது 1.5 கிராம். இதில் ஒரு சங்கடம் உண்டு. எஸ்டிஎஸ்ஸின் முதல் அடுக்கு அமீனின் மின்சுமையை ஈடுசெய்வதோடு சரி. சாயத்தை இழுக்கும் எதிர்மின் முகம் இரண்டாம் அடுக்கில்தான் வருகிறது. அந்த அடுக்கை எஸ்டிஎஸ் வால்களின் நீர்வெறுப்பு மட்டுமே பிடித்திருப்பதால், முதலில் கழல்வதும் அதுதான். ஆகவே ஏற்றிய பிறகு நுரை நிற்கும்வரை கழுவி, மிஞ்சுவதை மட்டுமே நம்புங்கள்.

கேள்வி கேட்டவர்:
610-ல் தோள் தெளிவாகத் தெரிகிறது. இதே மணியை தண்ணீரிலிருந்து குரோமியம் ஆறு, அதாவது Cr(VI), நீக்கவும் பயன்படுத்தலாமா?

பதில் 3:
எஸ்டிஎஸ் ஏற்றியதை வேண்டாம். குரோமேட் எதிர்மின் அயனி, எதிர்மின் முகம் அதை விலக்கும். சிடிஏபி (நேர்மின் சோப்புப்பொருள், புரோமைடு உப்பு) ஏற்றிய மரத்தூள் பொருத்தமானது. சிடிஏபி சுமார் 0.9 மில்லிமோலாரிலேயே மைசெல் ஆகும். 25 டிகிரிக்குக் கீழே படிகமாகிப் பிரியும், அதனால் 30-க்குக் குறையாமல் வையுங்கள். வாலைவடிநீரில் கழுவி, கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால் கலங்குவது நிற்கும்வரை தொடருங்கள். அளக்கப் பயன்படும் டைபீனைல்கார்பசைடு நிறச் சோதனை குரோமியம் ஆறை மட்டுமே காட்டும். அமிலத்தில் மரத்தூள் அதைக் குரோமியம் மூன்றாக மாற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடலாம், ஆகவே மொத்தக் குரோமியத்தையும் அளங்கள்.