64 வயசுல ஒருத்தர பிடிச்சிருக்கு, பிள்ளைங்ககிட்ட எப்படி சொல்றது?

ஃபீனிக்ஸ் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் சௌத் ஆப்பிரிக்கால டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ல இருக்கேன், வயசு 64, துணி ஃபேக்டரில மெஷின்ல தைச்சு ரிடையர் ஆனவ. வீட்டுக்காரர் தவறி பல வருஷம் ஆச்சு. மகன் ஆஸ்திரேலியால பெர்த்துல செட்டில் ஆயிட்டான், மக இங்கயே உம்ஹ்லாங்கால. ரெண்டு பேருக்கும் தமிழ் கேட்டா கொஞ்சம் புரியும், படிக்க வராது, அதனாலதான் தைரியமா இங்க எழுதுறேன்.

கோயில்ல காவடிக்கு சமைக்கிற இடத்துல ஒருத்தரோட பழக்கம் ஆச்சு. 71 வயசு, டோங்காட் ஆளு, சக்கரை மில்லுல ஃபிட்டரா இருந்தவரு, அவரு சம்சாரமும் போயிட்டாங்க. நாங்க மூட்டை மூட்டையா உருளைக்கிழங்கு உரிக்கிறப்ப அவரு வாய தொறந்தா போதும், பொம்பளைங்க எல்லாம் கத்திய கீழ வச்சுட்டு வயித்த புடிச்சுக்கிட்டு சிரிப்போம். அப்புறம் போன்ல பேச ஆரம்பிச்சோம், அப்புறம் டர்பன் பொட்டானிக் கார்டன்ல டீ குடிக்க போனோம். அன்னைக்கு நான் கண்ணாடிய மறந்துட்டேன், அவரு காது மெஷின மறந்துட்டாரு. மெனு கார்ட கைல வச்சுக்கிட்டு "நீங்க படிங்க நான் கேக்குறேன்னு சொல்லலாம்னா, உங்களால படிக்க முடியாது எனக்கு கேக்காது, ரெண்டு பேரையும் சேர்த்தா தாங்க ஒரு முழு ஆளு வருது"ன்னாரு. எனக்கு சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் நான் அப்படி சிரிச்சதே இல்ல.

இப்ப கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்குறாரு. எனக்கும் ஆசைதான். ஆனா விஷயம் எப்படியோ மகளுக்கு தெரிஞ்சு "மா, இந்த வயசுல வேணுமா, சனங்க சிரிப்பாங்க"ன்னுட்டா. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பையன் பொக்கை வாய் கிழவன் கிழவி மாலையோட நிக்கிற படத்த போட்டான், எல்லாரும் அதுக்கு சிரிக்கிற மூஞ்சி போட்டாங்க. அவரோட சேர்ந்து சிரிக்கிறப்ப இருக்கிற சந்தோஷம் என்ன, அந்த படத்த பாத்தப்ப வந்த வலி என்ன. மகனுக்கு இன்னும் தெரியாது. அவன்கிட்ட எப்படி சொல்றது? கல்யாணமே பண்றதா, இல்ல இப்படியே பழகிட்டு இருந்துடறதா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வெருலம் அக்கா:

தங்கச்சி, நான் 66ல மறுகல்யாணம் பண்ணவ, அதனால உரிமையோட பேசுறேன். நம்ம ஆளுங்க அறுபதாம் கல்யாணத்துக்கு மேளம் வச்சு மாலை மாத்தி ஊரையே கூப்பிட்டு சோறு போடுவாங்க, அதே வயசுல புருஷன இழந்த ஒரு பொம்பள கழுத்துல மாலை விழுந்தா மட்டும் காடு வா வாங்குது வீடு போ போங்குதுன்னு பேசுவாங்க. இது எனக்கு என்னைக்கும் ஒத்துக்கல. 1998 ஜூலை 18, நம்ம மடிபா, நெல்சன் மண்டேலா, தன்னோட 80வது பிறந்தநாள் அன்னைக்கு கிராசா மஷேல கல்யாணம் பண்ணாரு, அவங்களும் புருஷன இழந்தவங்கதான், நாடே சந்தோஷப்பட்டுச்சு. மக சனங்க சிரிப்பாங்கன்னு சொன்னா இத எடுத்து சொல்லு.

அந்த குரூப்ல படம் போட்டவன தனியா கூப்பிட்டு எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. சிரிச்சு மழுப்பிட்டேன்னா அடுத்த படமும் வரும்.

அவரு விஷயத்துல நான் பாக்க சொல்றது ஒண்ணுதான். அவரு யாரை வச்சு சிரிக்கிறாருன்னு கவனி. டீ கொண்டு வர்ற பொண்ண மட்டம் தட்டி சிரிக்கிறாரா, செத்துப்போன சம்சாரத்த குறை சொல்லி சிரிக்கிறாரா, இல்ல ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கிற முட்டி வலி காது மந்தம் மறதிய வச்சு சிரிக்கிறாரா? நீ எழுதினத பாத்தா மூணாவது மாதிரிதான் தெரியுது, நல்ல ஆளு. ஆனா சிரிப்பு இல்லாத நாள்லயும் அவர பாத்துடு. காய்ச்சல்ல படுத்திருக்கிறப்ப, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வரிசைல விடிகாலைல இருந்து நிக்கிறப்ப, உனக்கு அழுகை வர்றப்ப என்ன பண்றாரு? எங்க வீட்டுல இருக்கிறவரு நான் அழுதா ஜோக்கு சொல்ல மாட்டாரு, பக்கத்துல வந்து உக்காந்துடுவாரு. அத பாத்த பிறகுதான் நான் சரின்னேன்.

மாரிட்ஸ்பர்க் ரிடையர்ட் கிளார்க்:

வணக்கம்மா. நான் ரொம்ப காலம் அட்டர்னி ஆபீஸ்ல வேலை பாத்தவன். நல்ல சேதி, முதல்ல வாழ்த்துக்கள். ஆனா மாலை வாங்குறதுக்கு முன்னாடி பேப்பர் வேலை இருக்கு, இத பொறுமையா படிங்க, ஏன்னா வயசான காலத்து கல்யாணத்துல பிள்ளைங்க சண்டை போடுறது முக்காவாசி வீட்டுக்காகத்தான், அம்மா மேல கோவம்னு வெளிய தெரியும், உள்ள பாத்தா வீடு யாருக்கு போகும்னு பயம்.

நம்ம சௌத் ஆப்பிரிக்கா சட்டப்படி ஒண்ணும் எழுதாம கல்யாணம் பண்ணா ரெண்டு பேர் சொத்தும் ஒண்ணா கலந்துடும், கம்யூனிட்டி ஆஃப் பிராப்பர்ட்டின்னு பேரு. கடனும் கலந்துடும். அதாவது ஃபீனிக்ஸ்ல இருக்கிற உங்க வீட்டுல பாதி அவரோடது. நாளைக்கு அவரு முன்னாடி போயிட்டா அந்த பாதி அவரு விட்டுட்டுப் போற சொத்துல, அதாவது எஸ்டேட்டுல சேந்து, அவரு உயில் எழுதியிருக்கிறபடி அவரு பிள்ளைங்களுக்கு போகலாம். உங்க மக கவலைப்படுறது நியாயம்தான். இதுக்கு வழி ஏஎன்சி, ஆன்டிநப்ஷியல் கான்ட்ராக்ட், அதாவது சொத்து கலக்காம இருக்க எழுதுற ஒப்பந்தம். கல்யாணத்துக்கு முன்னாடியே நோட்டரி முன்னாடி கையெழுத்து போடணும், போட்ட 3 மாசத்துக்குள்ள டீட்ஸ் ஆபீஸ்ல, அதாவது பத்திரப்பதிவு ஆபீஸ்ல பதியணும். கல்யாணம் முடிஞ்ச பிறகு மாத்தணும்னா கோர்ட்டுக்கு போகணும், செலவு தாங்காது. இன்னொண்ணு, ஏஎன்சி போட்டாலும் அக்ரூவல் வேண்டாம்னு அதுல தெளிவா எழுதலேன்னா அக்ரூவல் தானா வந்துடும், 1984 சட்டம் அப்படி. அக்ரூவல்னா கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் சொத்து எவ்வளவு கூடுச்சோ அத கடைசில பங்கு போடுறது. ரெண்டு பக்கமும் வளந்த பிள்ளைங்க இருக்கிறப்ப பல பேரு அக்ரூவல் இல்லாமதான் போடுவாங்க, அட்டர்னிகிட்ட கேட்டுக்கோங்க.

உயிலையும் புதுசா எழுதுங்க. இந்த நாட்டுல மறுபடி கல்யாணம் பண்ணா பழைய உயில் தானா ரத்தாகாது, அது பாட்டுக்கு நிக்கும். வீடு பிள்ளைங்களுக்குன்னு எழுதி, அவரு உயிரோட இருக்கிற வரைக்கும் அதுல குடியிருக்கலாம்னும் எழுத முடியும், யூசுஃப்ரக்ட்னு சொல்வாங்க. இத பிள்ளைங்ககிட்ட காட்டினா பாதி கோவம் அடங்கிடும், என் கண்ணால பாத்திருக்கேன்.

கோயில்ல தாலி கட்டினா மட்டும் போதாது. ஐயர் கவர்மெண்ட் லைசென்ஸ் உள்ள மேரேஜ் ஆபீசரா இருக்கணும், ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கணும், இல்லேன்னா பிறப்பு இறப்பு கல்யாணம் பதியிற ஹோம் அஃபேர்ஸ் கணக்குல நீங்க கல்யாணம் ஆகாதவங்கதான். கல்யாணமே வேண்டாம் சேர்ந்து இருக்கோம்னு முடிவு பண்ணாலும் சட்டம் இப்ப கைவிடறதில்ல. ஒருத்தர ஒருத்தர் தாங்குறதா ஏத்துக்கிட்டு நிரந்தரமா சேர்ந்து வாழ்ந்தவங்க, உயில் இல்லாம ஒருத்தர் போயிட்டா, மத்தவரு வாரிசா கேக்கலாம்னு 2021 டிசம்பர் கடைசில கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஆனா அப்படி வாழ்ந்தத நீங்கதான் நிரூபிக்கணும், அதுதான் கஷ்டம்.

சாஸா பென்ஷன், அதான் கவர்மெண்ட் குடுக்கிற முதியோர் பணம், வாங்குறீங்களா? கல்யாணம் ஆனா ரெண்டு பேரோட வருமானம் சொத்து எல்லாத்தையும் சேர்த்து பாப்பாங்க. அவருக்கு மில்லு பென்ஷன் வருதுன்னா முன்னாடியே ஆபீஸ்ல விசாரிச்சிடுங்க.

இசிப்பிங்கோ அண்ணன்:

நான் வேற மாதிரி நினைக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு பேப்பர், இவ்வளவு பேச்சு, பிள்ளைங்க மனஸ்தாபம், இதெல்லாம் எதுக்கு? நல்ல சிநேகிதமா இருங்க, கோயிலுக்கு போங்க, பீச்சுல நடங்க. கோயில் கமிட்டில நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, அந்த அம்மாவுக்கு அது தேவையா? பெரியவங்க நிம்மதியா இருக்கணும், அவ்வளவுதான் எனக்கு.

வெருலம் அக்கா:

அண்ணா, உங்க அக்கறை புரியுது. ஆனா ராத்திரி நெஞ்சு அடைச்சா சிநேகிதரு டோங்காட்லல்ல இருப்பாரு. கமிட்டிக்காரங்களா வந்து ஆம்புலன்ஸ் கூப்பிடப் போறாங்க?

ஜோபர்க் மக:

ஆன்ட்டி, நான் உங்க பொண்ணு இடத்துல இருந்தவ, அதான் எழுதணும்னு தோணிச்சு. அம்மா போனதுக்கு அப்புறம் அப்பாவுக்கு ஒருத்தங்க பழக்கமானாங்க, எனக்கு அது சித்தி மூலமாத்தான் தெரிஞ்சுது. அப்பா என்கிட்ட சொல்லலையேன்னுதான் எனக்கு கொதிச்சுது, அந்த ஆன்ட்டி மேல எனக்கு ஒண்ணுமே இல்ல, அவங்கள நான் பாத்தது கூட இல்ல. அதனால உங்க மகனுக்கு அக்கா மூலமாவோ குரூப் மூலமாவோ தெரியறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க, வீடியோ கால்ல, அவன் மட்டும் இருக்கிறப்ப. பெர்த் நமக்கு 6 மணி நேரம் முன்னாடி, அவன் வேலைக்கு நடுவுல பிடிக்காம ஞாயித்துக்கிழமை காலைல கூப்பிடுங்க. அனுமதி கேக்குற மாதிரி பேசாதீங்க, சேதி சொல்ற மாதிரி சொல்லுங்க. முதல் கால் நல்லா போகாது, போகாட்டி பரவால்ல, அவன் யோசிக்க விடுங்க. பேப்பர் விஷயம் எல்லாம் ரெண்டாவது கால்ல பேசிக்கலாம், முதல்லயே சொத்த பத்தி பேசினா நீ பணத்துக்காகத்தான் கவலைப்படுறேன்னு சொல்ற மாதிரி ஆயிடும்.

அப்புறம் தவறிப்போன உங்க வீட்டுக்காரர் போட்டோவ ஹால்ல இருந்து எடுக்காதீங்க ப்ளீஸ். எங்க அப்பா எடுக்கல. அம்மா திதிக்கு அந்த ஆன்ட்டி வந்து அம்மாவுக்கு பிடிச்ச டபுள் பீன்ஸ் கறி அவங்க கையால சமைச்சு படைச்சாங்க, நான் சமையல்கட்டுல நின்னு அழுதுட்டேன். எனக்கு மனசு மாறினது அதுக்கும் முன்னாடியே. 2023ல லோட் ஷெட்டிங், அதான் முறை வச்சு கரண்டு நிறுத்துறது, உச்சத்துல இருந்தப்ப டர்பன் போயிருந்தேன், ராத்திரி கரண்டு இல்ல, மெழுகுவத்தி வெளிச்சத்துல நாலு பேரா உக்காந்து தூனி சீட்டு ஆடினோம், அப்பாவும் அவங்களும் ஒரு ஜோடி. அவங்க தைரியமா தூனி கூப்பிட்டாங்க, அதாவது எல்லா பிடியையும் நானே ஜெயிப்பேன்னு சவால், அப்பா கைல பெரிய சீட்டான ஜாக் ஒண்ணு கூட இல்ல, இவங்க கைலயும் பெருசா ஒண்ணும் இல்ல, சும்மா கூப்பிட்டிருக்காங்க. தோத்துட்டு ரெண்டு பேரும் மேசைல தலைய வச்சு சிரிக்கிறாங்க. அம்மா நோயில விழுந்த நாள்ல இருந்து அப்பா அப்படி சிரிச்சு நான் கேட்டதில்ல. உங்க மகள ஒரு தடவை உங்க ரெண்டு பேரோட சாப்பிட வரச் சொல்லுங்க ஆன்ட்டி. வெளிய இருந்து கேக்குறப்ப வயசுதான் தெரியுது, கூட உக்காந்தாத்தான் மனுஷங்க தெரியறாங்க.

சிஸ்டர் சாட்ஸ்வர்த்:

நான் நர்ஸா இருந்தவ, எல்லாரும் விட்டத நான் சொல்லிடறேன், வெக்கப்படாம படிங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஹெச்ஐவி டெஸ்ட் எடுத்துடுங்க, கவர்மெண்ட் கிளினிக்ல இலவசம். வயசானவங்களுக்கு எதுக்குன்னு கேக்கவே கூடாது, இந்த நாட்டுல எந்த வயசுலயும் எடுக்க வேண்டியதுதான், கேட்டா யாரும் சந்தேகப்படுறோம்னு நினைக்காதீங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க. அவருக்கு நெஞ்சு வலின்னு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை இருக்கான்னு கேளுங்க. நைட்ரேட் மாத்திரை எடுக்கிறவங்க அந்த நீல மாத்திரைய, வயாக்ராவ, தொடவே கூடாது, ரத்த அழுத்தம் மடமடன்னு இறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும். கடைக்காரன்கிட்ட வாங்காம டாக்டர்கிட்டயே வெளிப்படையா கேக்கச் சொல்லுங்க. பொம்பளைங்களுக்கு மாதவிலக்கு நின்ன பிறகு உள்ள வறண்டு வலிக்கும், அது சகஜம், அதுக்கு ஜெல்லும் கிரீமும் இருக்கு, பல்ல கடிச்சுட்டு பொறுக்க வேண்டியதில்ல. ரெண்டு பேரும் என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு ஒரு தாள்ல எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வைங்க, ஒருத்தர் மயங்கினா மத்தவரு அத ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட காட்டலாம்.

ஃபீனிக்ஸ் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சு படிச்சு அழுதேன் சிரிச்சேன். வெருலம் அக்கா, அவரு யாரை வச்சு சிரிக்கிறாருன்னு பாக்க சொன்னீங்கல்ல, யோசிச்சு பாத்தேன், அவரு சம்சாரத்த பத்தி பேசுறப்ப மட்டும் அவரு ஜோக்கே அடிக்கிறதில்ல, குரல் இறங்கிடும். எனக்கு அது பிடிச்சிருக்கு. ஜோபர்க் தங்கமே, போட்டோ எங்கயும் போகாது, அவரும் அத கேக்கல. அவரு கோயிலுக்கு வர்றப்ப மகளையும் மருமகனையும் சாப்பிட கூப்பிடலாம்னு இருக்கேன். மகனுக்கு வர்ற ஞாயிறு காலைல கூப்பிடப் போறேன், அவனே கேக்குற வரைக்கும் வீட்ட பத்தி பேச மாட்டேன். இசிப்பிங்கோ அண்ணா, நீங்க சொன்னதையும் யோசிச்சேன், ஆனா எனக்கு கல்யாணமா வேணும், அவரு பேரோட என் பேரையும் சேர்த்து நாலு பேரு சொல்லணும்.

கிளார்க் ஐயா, ஒரு சந்தேகம். நோட்டரிகிட்ட ரெண்டு பேரும் சேர்ந்தே போகணுமா, என்னென்ன கொண்டு போகணும்?

மாரிட்ஸ்பர்க் ரிடையர்ட் கிளார்க்:

சேர்ந்து போறதுதான் நல்லதும்மா, நோட்டரி சொல்றத ரெண்டு பேரும் ஒண்ணா கேக்கலாம். அவரு காது மெஷினையும் நீங்க கண்ணாடியையும் மறக்காதீங்க. ரெண்டு பேரோட ஐடி, வீட்டு டைட்டில் டீட், அதான் வீட்டுப் பத்திரம், அதோட காப்பி. ரிஜிஸ்டர் பண்ற அன்னைக்கு உங்க வீட்டுக்காரரோட டெத் சர்டிஃபிகேட்டும் அவரு சம்சாரத்தோடதும் கேப்பாங்க, அது கைல இல்லேன்னா இப்பவே ஹோம் அஃபேர்ஸ்ல எழுதிக் குடுங்க, சில சமயம் வர லேட்டாகும்.