கிலுகிலுப்பைப் பாம்பு சத்தத்தை நம்பி வேலைக்கு இறங்கலாமா?

கேள்வி:
அமெரிக்காவுல அரிசோனா மாநிலம், வீட்டுக் கொல்லையில பழைய பலகையும் கல்லும் குவிஞ்சு கிடக்கு, அப்புறப்படுத்தணும். கிலுகிலுப்பைப் பாம்பு (rattlesnake) இருந்தா வாலை ஆட்டிச் சத்தம் காட்டிடும், விலகிக்கலாம்னு சொல்றாங்க. சரியா? தடிமனான தோல் கையுறை போதுமா?

பதில் 1:
சத்தத்தை நம்பாதீங்க. பல நேரம் அசையாம சுருண்டுதான் கிடக்கும். வால்ல இருக்கிறது நம்ம நகம் மாதிரி கெரட்டின் வளையங்கள். ஒன்னோட ஒன்னு மோதினாத்தான் ஒலி. பிறந்த குட்டிக்கு ஒரே குமிழ், மோத இன்னொன்னு கிடையாது. விஷம் மட்டும் முதல் நாளே உண்டு. ஆனாலும் சத்தம் வந்தா காதுல விழணும், அதனால இயர்போன் வேண்டவே வேண்டாம்.

கையுறை முள்ளுக்கு ஆகும், விஷப்பல்லுக்கு ஆகாது. பலகைக்கு அடியில விரலே போகக்கூடாது. நீளக் கம்புல கொக்கி வெச்சு, பலகையோட எதிர்ப்பக்க விளிம்பை மாட்டி உங்க பக்கமா நிமிர்த்துங்க. அப்போ இடைவெளி அந்தப் பக்கமாத் திறக்கும், பலகை நடுவுல மறைப்பா நிக்கும். கிட்ட இருக்கிற விளிம்பைத் தூக்கினா பாம்பு நேரா உங்க காலுக்குத்தான் வரும்.

பதில் 2:
கோடையில உச்சி வெயில்ல பாம்பு திரியாதுதான். ஆனா ஒதுங்கிக் கிடக்கிறதே அந்தப் பலகை நிழல்லதான்! கணுக்காலுக்கு மேல வர்ற பூட்ஸ், தொளதொள கெட்டித்துணி பேண்ட் போடுங்க. பாம்பு தன் நீளத்துல பாதி வரைக்கும் எட்டிக் கொத்தும். 2 மீட்டராவது தள்ளி நில்லுங்க.

கேட்டவர்:
கண்ணுல பட்டா மண்வெட்டியால வெட்டிடலாமா?

பதில் 3:
கூடாது. வெட்டக் கிட்டப் போனா அது உங்களைக் கொத்தலாம். வெட்டுப்பட்ட தலைகூட ரொம்ப நேரத்துக்குக் கடிக்கும். விலகிட்டு, பாம்பு பிடிக்கிறவங்களைக் கூப்பிடுங்க.

கடிச்சிட்டா உடனே 911-ஐ (அங்க அவசர உதவி எண்) கூப்பிடுங்க. வீங்கறதுக்கு முன்னாடி மோதிரம், வாட்சைக் கழட்டுங்க. வீக்கத்தோட ஓரத்துல பேனாவால கோடு போட்டு மணியை எழுதுங்க; எவ்வளவு வேகமா ஏறுதுன்னு டாக்டருக்குத் தெரியும். இறுக்கிக் கட்டுறது, கீறுறது, உறிஞ்சுறது, ஐஸ் எதுவும் வேண்டாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்காதீங்க, ரத்தக்கசிவைக் கூட்டும். வீக்கம் இல்லையேன்னு வீட்டுலயே இருந்துடாதீங்க. அங்க இருக்கிற மொஹாவிங்கிற கிலுகிலுப்பைப் பாம்பு வகை கடிச்சா வீக்கம் குறைவா இருந்தும் மூச்சுத் திணறல் வரலாம்.