உதவி தேவை: 502 படகு எஞ்சின் எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் சென்சார், ரெண்டு மாட்டி ரெண்டும் போச்சு

வளைகுடா28:

வணக்கம். 28 அடி படகு, ஃபுளோரிடா மேற்குக் கரை, முழுக்க உப்புத் தண்ணி. எஞ்சின் 502 பிக் பிளாக், அதாவது 8.2 லிட்டர். 850 சி.எஃப்.எம் நாலு பேரல் கார்புரேட்டர், ரோலர் கேம், லோப் செபரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் கேம் மேடுகளுக்கு நடுவுல இருக்கிற கோணம்) 110 டிகிரி. எக்ஸாஸ்ட் ரெண்டு பக்கமும் தண்ணி ஜாக்கெட் போட்ட ஸ்டெயின்லெஸ் ஹெடர், டெயில் பைப் நேரா டிரான்ஸம் (படகோட பின்சுவர்) வழியா வெளியே போகுது.

கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் அளவை நிர்ணயிக்கிற துளை) சரியா இருக்கான்னு பார்க்க வைட்பேண்ட் மீட்டர் வாங்கினேன், எக்ஸாஸ்ட் புகையை வச்சு காற்று-எரிபொருள் விகிதம் காட்டும், சென்சார் பாஷ் எல்.எஸ்.யூ 4.9. இடது பக்கம் கலெக்டர் (ஹெடர் குழாய்கள் ஒண்ணு சேர்ற பகுதி) முடியுற இடத்துல பங் (சென்சார் திருகுற மரை வளையம்) வெல்ட் பண்ணி மாட்டினேன். அங்கிருந்து 10 செ.மீ. தள்ளித்தான் ஜாக்கெட் தண்ணி எக்ஸாஸ்டோட கலக்குது. முதல் சென்சார் 40 நிமிஷம் வந்துச்சு. ரெண்டாவது ரெண்டு மணி நேரம். இப்போ மீட்டர்ல எரர் மட்டும்தான். மூணாவது வாங்குறதுக்கு முன்னாடி எங்க தப்புன்னு தெரியணும். இடம் மாத்தணுமா, மீட்டர்ல கோளாறா?

ஆர்கான்:

மீட்டர் மேல சந்தேகம் வேண்டாம் தம்பி, தண்ணி பட்டிருக்கு. இருந்தாலும் உறுதி பண்ணிக்கலாம். செத்த சென்சாரோட கனெக்டர்ல வெள்ளை வயருக்கும் சாம்பல் வயருக்கும் நடுவுல ஓம் பாருங்க. அது ஹீட்டர். ஆறின சென்சார்ல 3 ஓம் சொச்சம் காட்டணும். எதுவுமே காட்டலைன்னா ஹீட்டர் அறுந்திருக்கு, உள்ள செராமிக் விரிசல் விட்டிருக்கு. காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, சில சமயம் உடைஞ்ச துண்டு கிலுகிலுன்னு சத்தம் போடும். முனையில இருக்கிற ஓட்டைச் சட்டையைச் சுத்தி வெள்ளையாப் பூத்திருந்தா அது உப்பு.

எல்.எஸ்.யூ 4.9 வேலை செய்யும்போது உள்ள செராமிக் 780 டிகிரி செல்சியஸ்ல இருக்கும். அதுல ஒரு சொட்டு தண்ணி விழுந்தாலே போதும், கொதிக்கிற கண்ணாடி மேல பச்சைத் தண்ணி தெளிச்ச கதைதான்.

வளைகுடா28:

பார்த்தேன் அண்ணா. ரெண்டுலயும் ஹீட்டர் ஓப்பன். ரெண்டாவதுல வெள்ளைப் பூப்பும் இருக்கு. ஆனா தண்ணி கலக்குறது சென்சாருக்கு அப்புறம்தானே? புகை பின்னாடி போகுது, தண்ணி எப்படி முன்னாடி வரும்?

நீர்க்கோடு:

புகை எப்பவும் பின்னாடி மட்டும் போறதில்லை, சிக்கலே அங்கதான். ஐடில்ல உங்க கேமோட ஓவர்லேப் நேரத்துல இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டு வால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்து திறந்திருக்கும். இன்டேக் பக்கம் வெற்றிடம், எக்ஸாஸ்ட் பக்கம் காற்றழுத்தம். அதனால புகை ஒவ்வொரு துடிப்பிலயும் சிலிண்டர் பக்கமா ஒரு இழு இழுத்து, அப்புறம் வெளிய போகும். குழாய்க்குள்ள அந்தப் புகைத்தூண் முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே இருக்கும். பின்னால கலந்த தண்ணி பொடித்துளியா அதோட சேர்ந்து ஏறி வரும். இதைத்தான் ரிவர்ஷன்னு சொல்றாங்க. 110 டிகிரி செபரேஷன் சாலைக் காருக்கு ஒண்ணுமில்லை, ஈர எக்ஸாஸ்ட் படகுக்கு ரொம்பக் குறுகல், ஓவர்லேப் அதிகமாகிடும். படகுக்குன்னு கேம் அரைக்கிறவங்க 112, 114ன்னு அகலமா வைக்கிறதுக்குக் காரணமே இதுதான்.

வேகம் ஏறினா புகையோட ஓட்டமே தண்ணியை வெளிய தள்ளிடும். அதனால 4,500 ஆர்.பி.எம்.ல ஓட்டும்போது சென்சார் சாகாது. உங்க கரையில மனாட்டி மண்டலம் (கடற்பசுக்காக மெதுவாப் போகணும்னு ஒதுக்கின பகுதி) நிறைய. அங்க அலை எழும்பாம ஐடில்ல ஊர்ந்து போற அரை மணி நேரத்துலதான் சாகும். இன்னொரு ஆபத்து, முழு வேகத்துல போய்க்கிட்டிருக்கும்போது த்ராட்டிலைச் சட்டுன்னு மூடுறது.

ரிவர்ஷனே இல்லாட்டியும் ஒரு தண்ணி இருக்கு, பலர் அதைக் கணக்குல எடுக்கிறதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வரும். புகை 50 டிகிரி சுமாருக்குக் கீழ குளிர்ந்த சுவரைத் தொட்டா அந்த ஆவி நீராகிடும். கார்ல பைப் அஞ்சு நிமிஷத்துல சூடாகி காய்ஞ்சுடும். உங்க பைப்பைச் சுத்திக் கடல் தண்ணி ஓடுது, ஐடில்ல உள்சுவர் ஈரமாவே இருக்கும். அந்த ஈரம் அடிப்பக்கம் கோடா ஓடும். சென்சாரைப் பக்கவாட்டிலயோ கீழயோ வச்சா அது அந்தக் கோட்டுலயே உட்கார்ந்திருக்கும். படுக்கைக் கோட்டுல இருந்து குறைஞ்சது 10 டிகிரியாவது மேல, முனை கீழ பார்த்த மாதிரி இருக்கணும். என் கணக்குல கடிகாரத்துல 11க்கும் 1க்கும் நடுவுல.

உங்க பங் எந்தத் திசையில இருக்கு? டெயில் பைப் வாயில, அலைத் தண்ணி உள்ள ஏறாம தடுக்கிற மூடி, அந்த ரப்பர் ஃபிளாப்பர் ரெண்டும் முழுசா இருக்கா?

வளைகுடா28:

பங் 9 மணி திசையில, சரியாப் பக்கவாட்டில. மேல ஹாட்ச் இடிக்கும்னு அங்க வச்சது. ஃபிளாப்பர் இன்னும் பார்க்கலை.

ஆர்கான்:

சரி, முதல்ல ஒரு பைசா செலவில்லாத சோதனை. சென்சார் வேண்டாம், பங்ல எம்18 × 1.5 போல்ட் ஒண்ணு போடுங்க. ஸ்டெயின்லெஸ் கூடாது, முலாம் பூசாத சாதா இரும்பு போல்ட். முனையை எமரி தாள்ல பளபளன்னு தேய்ச்சுடுங்க, உள்ள ஒரு சென்டிமீட்டராவது நீட்டிக்கிட்டு இருக்கணும். வலது பக்கமும் பங் இருந்தா அங்கயும் ஒண்ணு.

படகைத் தண்ணியில இறக்கி, எஞ்சின் சூடானதும் கியர்ல போட்டு 20 நிமிஷம் ஐடில்லயே ஊருங்க. ட்ரெய்லர்ல தண்ணிக் குழாய் மாட்டி ஓட்டிப் பார்த்தா கணக்கில்லை. அங்க கடல் அலையும் இல்லை, டிரான்ஸம்ல தண்ணி அழுத்தமும் இல்லை. நிறுத்தினதும் போல்ட்டைக் கழட்டிப் பாருங்க. முனை முழுக்க கருவெல்வெட் மாதிரி உலர்ந்த கரி படிஞ்சிருந்தா அந்த இடம் காய்ஞ்ச இடம். கரி கழுவிப்போய் இரும்பு தெரிஞ்சா, இல்ல கரியில சொட்டு வழிஞ்ச தடம் இருந்தா தண்ணி வருது. சந்தேகமா இருந்தா ராத்திரி முழுக்க மேஜையில வைங்க. உப்புத் தண்ணி பட்ட இடம் காலைல செம்மண் நிறத்துல துருப்பிடிச்சு நிக்கும். எந்தப் பக்கம் துரு அதிகமோ அந்தப் பக்கத்துல இருந்துதான் தண்ணி வருது.

வளைகுடா28:

செஞ்சு பார்த்துட்டேன். வலது பக்கம் உலர்ந்த கரி, கீழ் ஓரத்துல மட்டும் லேசாக் கழுவின மாதிரி. இடது பக்கம் போல்ட்டோட பாதி, டிரான்ஸம் பக்கம் பார்த்த பாதி, காலைல முழுத் துரு. ஃபிளாப்பரையும் பார்த்தேன், இடதுல பாதி கிழிஞ்சு தொங்குது.

நீர்க்கோடு:

அப்போ ரெண்டு வேலை. ஃபிளாப்பரை ரெண்டு பக்கமும் மாத்துங்க. இது சென்சாருக்காக மட்டும் இல்லை. பின்னாடி அலை அடிச்சு எஞ்சின் நிக்கிற நேரம் தண்ணி சிலிண்டர் வரைக்கும் ஏறினா ராட் வளையும்.

ரெண்டாவது, உலர் நீளத்தைக் கூட்டணும். உங்க உள்குழாய் கலெக்டருக்கு அப்புறம் 10 செ.மீ.ல முடியுது. டெயில் பைப்பை மாத்தி, உள்குழாய் கிட்டத்தட்ட டிரான்ஸம் வரைக்கும் தனியாப் போய், தண்ணி கடைசியில மட்டும் சேர்ற உலர் டெயில் வகை போடுங்க. சென்சாருக்கும் தண்ணிக்கும் நடுவுல 30 செ.மீ. இல்லாம நான் சென்சார் மாட்ட மாட்டேன். பைப் பின்பக்கமாச் சரிஞ்சிருக்கணும். ஆனா உலர் டெயில்னு சொல்லி ஜாக்கெட் இல்லாத வெறும் பைப்பை எஞ்சின் அறைக்குள்ள ஓட விடாதீங்க. பெட்ரோல் எஞ்சின் படகுக்குள்ள சிவக்கச் சூடான இரும்புக்கு இடமே கிடையாது.

2010 மாடல்ல இருந்து அமெரிக்காவுல விக்கிற சாதாரண ஸ்டெர்ன்டிரைவ் பெட்ரோல் எஞ்சின்கள்ல கேட்டலிஸ்டும் ஆக்சிஜன் சென்சாரும் கம்பெனியிலயே வருது. அங்கயும் இதே முறைதான், கேட்டலிஸ்டும் சென்சாரும் உயரமான உலர்ந்த பகுதியில, தண்ணி அதுக்கெல்லாம் அப்புறம். அதனால ஈர எக்ஸாஸ்ட்ல சென்சார் பிழைக்காதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கேஸ்குழாய்ச்சாமி:

குறுக்கே ஒரு கேள்வி சார். எனக்கு ஹெடர் இல்லை, சாதா வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும், அதுக்கு மேல உயர்ந்து நிக்கிற எக்ஸாஸ்ட் துண்டு ரைசரும். அதுல ஓட்டை போட்டு வெல்ட் பண்ணலாமா?

ஆர்கான்:

வேண்டாம் சார். உப்புத் தண்ணி ஊறின வார்ப்பிரும்புல, ரெண்டு சுவருக்கும் நடுவுல தண்ணி இருக்கிற இடத்துல போட்ட வெல்ட் பக்கத்துலயே விரியும். விரிசல் உள்சுவர்ல வந்தா தண்ணி நேரா சிலிண்டருக்கு. மேனிஃபோல்டுக்கும் ரைசருக்கும் நடுவுல வைக்கிற ஸ்பேசர்ல சென்சார் துளை போட்டது கிடைக்கும், அதை வைங்க. ரைசரும் உயரும், ரிவர்ஷனும் குறையும். ஹாட்ச் உயரம் மட்டும் அளந்துட்டு வாங்குங்க.

தம்பிக்கு ஜாக்கெட் பைப்ல பங் வைக்கிற முறை. பழைய பங்கை அடைச்சுட்டு 12 மணி திசையில புதுசு. நீளமான பங் ஒண்ணை வெளிச்சுவர்ல இருந்து உள்சுவர் வரைக்கும் இறக்கி வெல்ட் பண்ணிடுறாங்க. அது தப்பு. சென்சார் பங்கோட மேல் விளிம்புல உட்காரும், முனை குழாய்க்குள்ள எட்டாம பங்குக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். தேங்கின புகையைத்தான் அளக்கும், காட்டுற எண்ணும் தாமதமா வரும். அதனால கிணறு மாதிரி பண்ணணும். வெளிச்சுவர்ல 45 மி.மீ. ஓட்டை, உள்சுவர்ல பங் அளவுக்கு ஓட்டை. குட்டையான பங்கை உள்சுவர்ல முதல்ல டிக் வெல்ட் பண்ணுங்க. பைப் 316எல்னா ஃபில்லரும் 316எல், உள்ள ஆர்கான் நிரப்பிட்டு. பங்குக்கு அடைப்பு போல்ட் போட்டுட்டு வெல்ட் பண்ணினா மரை கோணாது. அப்புறம் பங்கைச் சுத்தி ஒரு குழாய்த் துண்டு, கீழ உள்சுவரோட, மேல வெளிச்சுவரோட. 22 மி.மீ. ஸ்பேனர் உள்ள திரும்ப இடம் இருக்கான்னு வெல்ட் பண்றதுக்கு முன்னாடியே வச்சுப் பாருங்க.

முடிஞ்சதும் ஜாக்கெட்ல தண்ணி நிரப்பி 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்துல 15 நிமிஷம் நிறுத்துங்க. காத்தடிச்சு சோதிக்காதீங்க, வெல்ட் விட்டா ஆபத்து. டெயில் வாய் வழியா டார்ச் அடிச்சு உள்வெல்ட் கசியுதான்னு பார்க்கிறதுதான் முக்கியம், வெளிக்கசிவு தானாத் தெரியும்.

லாம்டா:

வயரிங் பற்றி யாரும் சொல்லலை, பாதி சென்சார் சாவு அங்கதான். ரெண்டு விதி, ரெண்டும் சேர்ந்து நிறைவேறணும். எஞ்சின் ஓடாதப்போ ஹீட்டர் ஓடக்கூடாது, ஏன்னா ஸ்டார்ட் ஆன உடனே பைப்ல தேங்கின ஈரம் சூடான செராமிக் மேல பறக்கும். எஞ்சின் ஓடுறப்போ ஹீட்டர் இல்லாம சென்சார் உள்ள இருக்கக்கூடாது, கரி அடைச்சுடும். அதனால சாவியில இருந்து கரண்ட் எடுக்காதீங்க. ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியா இயங்குற ரிலேல இருந்து எடுத்தா ரெண்டும் சரியாகும்.

ரிலே, கன்ட்ரோலர் எல்லாம் டாஷ் பக்கம் வைங்க. எஞ்சின் அறையில வச்சே ஆகணும்னா பொறி வெளியே வராத கடல்சார் ரகம் மட்டும். வேலை செஞ்சதும் ப்ளோயர் (எஞ்சின் அறையில இருக்கிற பெட்ரோல் ஆவியை வெளியேத்துற விசிறி) நாலு நிமிஷம் ஓட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. சென்சார் கனெக்டரை வெட்டி நீட்டாதீங்க, 4.9ல அளவீட்டு ரெசிஸ்டர் அந்தக் கனெக்டருக்குள்ளதான் இருக்கு.

மீட்டர்ல இருந்து லாகருக்கு (எண்களைப் பதிவு பண்ற கருவி) 0–5 வோல்ட் எடுத்தா ரெண்டுக்கும் ஒரே கிரவுண்ட். உதாரணத்துக்கு ஏ.இ.எம் எக்ஸ் சீரிஸ் மீட்டர்ல வோல்ட்டை 2.375ஆல பெருக்கி 7.3125 கூட்டினா காற்று-எரிபொருள் விகிதம். கிரவுண்ட்ல 0.1 வோல்ட் வித்தியாசம் வந்தா விகிதத்துல 0.24 பொய்.

சென்சார் மரையில மட்டும் ஆன்டி-சீஸ், முனையில படக்கூடாது. 45–50 நியூட்டன் மீட்டர் இறுக்கம். எக்ஸாஸ்ட் பக்கமோ வால்வ் கவர்லயோ வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் வேண்டாம், சென்சாருக்கு விஷம். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோலும் அப்படித்தான்.

வளைகுடா28:

ஒவ்வொண்ணா செஞ்சு முடிச்சேன். உலர் டெயில், புது ஃபிளாப்பர், 12 மணில கிணறு பங், பிரஷர் ஸ்விட்ச் ரிலே. இரும்பு போல்ட் சோதனைல ரெண்டு பக்கமும் உலர்ந்த கரி. சென்சார் ஆறு மணி நேரம் ஓடியும் நல்லாருக்கு. ஐடில்ல 15.2 காட்டுது, 3,200ல 13.6, முழு த்ராட்டில் 4,900ல 13.3. ஐடிலுக்கு ஜெட் பெருசு பண்ணட்டுமா?

லாம்டா:

ஐடில் எண்ணை நம்பி எதையும் தொடாதீங்க. ஓவர்லேப்ல எரியாத காத்து நேரா எக்ஸாஸ்டுக்குப் போகுது, சென்சார் அந்த ஆக்சிஜனைத்தான் பார்க்குது. ஒரு பிளக் மிஸ் ஆனாலும் இதே கதை. பெட்ரோல் எரியாம போகும், மீட்டர் லீன்னு (பெட்ரோல் கம்மின்னு) காட்டும், நீங்க இன்னும் பெட்ரோல் கூட்டுவீங்க, பிளக் இன்னும் நனையும். ஐடிலுக்கு வேக்யூம் கேஜ்தான். அதிகமா நிலையா நிக்கிற இடத்துல ஐடில் ஸ்க்ரூவை விடுங்க.

3,200ல 13.6 நல்லது. முழு த்ராட்டில் 13.3தான் எனக்குப் பயம், அங்க பெட்ரோல் பத்தலை. கார் அந்த நிலையில பத்து நொடி இருக்கும், படகு பத்து நிமிஷம் மலை ஏறிக்கிட்டே இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டனும் அதைத் தாங்காது. 12.3ல இருந்து 12.6 வரைக்கும் கொண்டு வாங்க. சூப்பர்சார்ஜர் இருந்தா 11.5 பக்கம் சொல்லியிருப்பேன். மெயின் ஜெட் நாலையும் ரெண்டு நம்பர் கூட்டி, மறுபடி தண்ணியில பத்து நொடி முழு த்ராட்டில் பிடிச்சு அளங்க. கரையில கட்டி வச்சு நியூட்ரல்ல ரெவ் பண்ற எண்ணுக்கு மதிப்பில்லை, புரொப்பெல்லர் சுமை இல்லாத எஞ்சின் வேற எஞ்சின். வலது பக்கமும் இதே மாதிரி கிணறு பங் வச்சிருந்தா சென்சாரை அங்க மாத்தி ஒரு தடவை அளந்துடுங்க.

வளைகுடா28:

ரெண்டு தடவையா நாலு நம்பர் கூட்டினேன். இடது 12.5, வலது 12.3. பிளக் எட்டும் ஒரே நிறம். சென்சாரை உள்ளயே விட்டுடலாமா?

ஆர்கான்:

அளந்தது போதும்னா கழட்டி டப்பாவுல வைங்க தம்பி, பங்ல செம்பு வாஷரோட அடைப்பு போல்ட் போடுங்க. ஜெட்டோ கேமோ மாத்துற அன்னிக்கு இரும்பு போல்ட் சோதனையை மறுபடி ஒரு தடவை பண்ணிட்டு சென்சாரை மாட்டிக்கலாம். ஃபிளாப்பரை வருஷம் ஒரு தடவை மாத்துங்க.