வில்லர்-கோத்தரே காட்டில் உள்ள ஒரு கல்லறை: வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் பாரிஸ் போகிறேன். ஒரு நாளை ஒதுக்கி, பிரான்ஸின் வில்லர்-கோத்தரே காட்டில் ஜார்ஜ் செசில் புதைக்கப்பட்ட இடத்தைப் பார்த்துவர ஆசை.

பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சாலிஸ்பரி பிரபுவின் பேரன் இவர். கிரெனடியர் கார்ட்ஸ் படையில் செகண்ட் லெப்டினன்ட். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 1 அன்று, பெல்ஜியத்தின் மோன்ஸிலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கிக்கொண்டிருந்தபோது இந்தக் காட்டில் நடந்த சண்டையில் இறந்தார். வயது 18தான்.

அம்மா வயலட்டுக்கு மகன் என்ன ஆனான் என்றே தெரியவில்லை. காயத்தோடு பிடிபட்டிருப்பான் என்று வாரக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தார். நவம்பரில், அதே சண்டையில் இறந்த தன் தம்பி கர்னல் மோரிஸைத் தேடி வந்த கில்லானின் பிரபுவின் முயற்சியில் காட்டிலிருந்த பெரிய குழி தோண்டப்பட்டது. அதில்தான் ஜார்ஜும் கிடந்தார். பிரபு வீட்டுப் பிள்ளையும் சாதாரணச் சிப்பாய்களும் ஒரே குழியில். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். ஜார்ஜைப் பற்றி விசாரிக்க வயலட்டுக்கு உதவியவர் எழுத்தாளர் கிப்ளிங். அவருடைய மகனும் அடுத்த ஆண்டே பிரான்ஸில் லூஸ் என்ற இடத்தில் நடந்த போரில் காணாமல் போனான்.

இப்போது அங்கே 'கார்ட்ஸ் கிரேவ்' என்ற சிறு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 98 பேர் அடக்கம். விவியேர் போகும் சாலையில் காட்டுக்குள் என்று படித்தேன். வில்லர்-கோத்தரே ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்துபோக முடியுமா, டாக்ஸி கிடைக்குமா? அப்புறம், மகனுக்காக வயலட் எழுப்பிய நினைவுச்சின்னம் அங்கிருந்து எவ்வளவு தூரம்? போய் வந்தவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.